விரதப் புட்டிகள்

அக்டோபர் 3, வெள்ளி

இந்த நோட்டை வாங்கியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். லேபில் யாரிடமும் கத்தக் கூடாது. கத்த வேண்டியதை எல்லாம் இதில் கொட்டிவிடுவதாக உத்தேசம்.

முதல் கத்தல்: டிசம்பர் 31-ஆம் தேதியோடு என் ஆராய்ச்சிப் பதிவு காலாவதியாகிறது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று பல்கலைக்கழகம் பதிவுத் தபாலிலேயே தெரிவித்துவிட்டது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் டாக்டர் கோதைநாயகி. கொடுக்காவிட்டால் முப்பத்து மூன்று வயதில், ஆறரை வருடம் ஈ வளர்த்தவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது கத்தல்: அம்மா. இன்றும் போனில் "அந்த ஈ சமாச்சாரம் எப்பத்தான் முடியும்?" என்று கேட்டாள். மளிகைக் கடை வாழைத்தாரில் மொய்க்குமே, அந்தப் பழ ஈதான் என்று அவளுக்குப் புரிய வைக்கவே இரண்டு வருடம் ஆனது. அழுகிய பழத்தில் சாராயம் ஊறும். அதில் முட்டையிட்டு, அதிலேயே வளர்ந்து, அதையே சாப்பிட்டு ஈ எப்படிப் பிழைக்கிறது? அதன் உடம்பில் சாராயத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அந்த நொதியில் இரண்டு வகை. ஒன்று மடமடவென்று வேலை செய்யும். இன்னொன்று மந்தமாகச் செய்யும், ஆனால் வெயிலுக்குத் தாங்கும். முதல் வகைக்கு வேகக்காரன் என்றும் இரண்டாவதற்கு நிதானக்காரன் என்றும் நான் பெயர் வைத்திருக்கிறேன். எந்த ஈக்கு எது என்பதை மரபணு முடிவு செய்கிறது.

கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் பிடித்து வந்த ஈக்களை எட்டுக் கூட்டமாகப் பிரித்தேன். நான்கு கூட்டத்துக்குச் சாராயம் கலந்த சாப்பாடு. நான்குக்குச் சாதாரணச் சாப்பாடு. குடிகாரக் கூட்டம், விரதக் கூட்டம். இரண்டே முக்கால் வருடமாக, தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருகிறேன். குடிகாரர்களிடம் வேகக்காரன் பெருக வேண்டும். விரதக்காரர்களிடம் பெருகக் கூடாது. இவ்வளவுதான் என் ஆய்வேடு. இன்று எழுபதாவது தலைமுறை பிறந்திருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

ஆறாவது புட்டியில் சிலந்திப்பேன், ஈக்களை அழிக்கிற பொடிப் பூச்சி. எட்டுக் கூட்டத்தையும் புதுப் புட்டிகளுக்கு மாற்றினேன். முந்நூறு பஞ்சு அடைப்பான் உருட்டினேன். விரலெல்லாம் பஞ்சு. ஆராய்ச்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த விரலைக் காட்டலாம்.

அக்டோபர் 9, வியாழன்

விளங்காத ஜெல்.

ஒரு ஈயை அரைத்து, ஜெல்லில் விட்டு, மின்சாரம் கொடுத்தால் இரண்டு வகை நொதியும் வேறு வேறு தூரம் ஓடும். சாயம் ஊற்றினால் ஊதாக் கோடுகளாகத் தெரியும். கோடுகளை எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. குடிகாரக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வேகக்காரன். அருமை. விரதக் கூட்டங்களில் நாற்பது இருக்க வேண்டும். ஆரம்பத்தில் நாற்பது, இருபத்தைந்தாம் தலைமுறையில் பார்த்தபோதும் நாற்பத்தொன்று. இன்று அறுபத்தொன்பது! கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினேன். அறுபத்தொன்பதேதான்.

யாரோ புட்டிகளை மாற்றி வைத்திருக்கிறார்கள். அல்லது அடைப்பான் சரியாக இல்லாமல் குடிகார ஈ விரதப் புட்டிக்குள் போயிருக்கிறது. இந்த லேபில் எதையும் ஒழுங்காகச் செய்கிற ஒரே ஆள் நான்தான்.

சகாயமேரி அக்காவைத்தான் முதலில் கேட்டேன். ஈக்களுக்குச் சாப்பாடு கிண்டுவது அவர்தான். பதினான்கு வருடமாகத் தினக்கூலி. ரவை, வெல்லம், ஈஸ்ட், அகர் எல்லாம் போட்டுப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் கிண்டுவார். "ஈக்குக் கேசரி" என்பார். அவர் கிண்டுகிற அறைக்குச் சமையலறை என்றே பெயர். கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"அடப்பான நான் தொடவே மாட்டேனே பாப்பா. கேசரிய ஊத்தி வச்சிட்டு நான் வந்துருவேன்."

அதுவும் உண்மைதான். அக்கா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். போன வருடம் ஜனவரியில் அவர் புருவம் பொசுங்கிய நாளிலிருந்தே நான் அதைப் பார்த்து வருகிறேன். சாப்பாட்டில் பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு பொடி சேர்ப்பார்கள். அது தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில்தான் கரைக்க வேண்டும். அடுப்பு எரியும்போதே ஸ்பிரிட்டை ஊற்றியதில் குப்பென்று பற்றி, அக்காவின் இரண்டு புருவமும் போய்விட்டது. அன்றே நான் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். 'அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூடு வந்த பிறகே ஊற்றவும். லிட்டருக்குப் பத்து மில்லிக்குப் பதில் முப்பது.' அப்போது பூசணம் தாங்க முடியாமல் இருந்ததால் பொடியையும் ஸ்பிரிட்டையும் மூன்று மடங்காக்கினேன். அதன் பிறகு விபத்தும் இல்லை, பூசணமும் இல்லை. துறையில் வேறு எவருக்கும் இந்த யோசனை வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஸ்பிரிட் ரெஜிஸ்டரில் அளவை மாற்ற வேண்டுமென்றால் நான்கு பேர் கையெழுத்து, ஒரு கமிட்டி. யாரால் முடியும்? "ரெஜிஸ்டர்ல வழக்கம் போலவே எழுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். போன வருடம் பார்வையிட யாரோ வருகிறார்கள் என்று சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தபோது என் தாளும் போய்விட்டது. ஆனாலும் அக்காவுக்கு மனப்பாடம்.

அக்டோபர் 13, திங்கள்

மற்ற மூன்று விரதக் கூட்டங்களும் பார்த்தாயிற்று. அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்தொன்று. நான்கும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு. கலப்படமாக இருந்தால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். நான்கும் சேர்ந்து ஏறுகிறது என்றால் ஏதோ ஒன்று நான்கையும் பிடித்துத் தள்ளுகிறது. என்ன தள்ளுகிறது? தலை வெடிக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஈக்களுக்குத் தெரியாது. ஆறரை மணிக்கு வந்து புட்டி மாற்றினேன். குடிகாரப் புட்டிகளுக்கான ஸ்பிரிட்டை எப்போதும் என் கையாலேயே ஊற்றுவேன், யாரையும் நம்புவதில்லை. சூட்டில் ஊற்றினால் எல்லாம் ஆவியாகிவிடும். நன்றாக ஆறவிட்டு ஊற்றினால்தான் ஸ்பிரிட் சாப்பாட்டில் தங்கும். இந்த அடிப்படை விஷயம்கூட ஜூனியர்களுக்குத் தெரிவதில்லை.

சகாயமேரி அக்கா லீவு நாளிலும் வந்து அதிரசம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கும்பிடுவது மாதாவை. அதிரசம் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததாம். "லேபுல ஒத்தையா கெடப்பீங்கன்னு எடுத்தாந்தேன் பாப்பா" என்றார். நான்கு தின்றேன்.

அக்டோபர் 29, புதன்

பேராசிரியர் தணிகாசலத்திடம் எண்களைக் கொண்டுபோனேன். என் வழிகாட்டியும் அவர்தான், துறைத்தலைவரும் அவர்தான். ஜூனில் ஓய்வு. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"கோதை, இது தப்பு இல்லம்மா. புது விஷயம்! சாராயம் இருந்தாத்தான் வேகக்காரன் ஜெயிப்பான்னு நாம நெனச்சிட்டிருந்தோம். சாராயமே இல்லாத எடத்துலயும் ஜெயிக்கிறான் பாரு. வேற ஏதோ லாபம் இருக்கு அவனுக்கு."

நான் பேந்தப் பேந்த விழித்தேன். அவர் அப்போதே கட்டுரைக்குத் தலைப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்கிறார். ஆறரை வருடத்தில் முதல் தடவையாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நவம்பர் 5, புதன்

எழுதுகிறேன், எழுதுகிறேன். மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. கட்டுரை போய்விட்டது. பிரிண்டரில் மை இல்லை. மை வாங்க மூன்று பிரதியில் விண்ணப்பம். விண்ணப்பத்தை அச்செடுக்க மை இல்லை.

நவம்பர் 12, புதன்

ஸ்டோர் கீப்பர் முத்துராக்கு அண்ணன் இரண்டு வருடத்துக்குப் பிறகு ஸ்பிரிட் இருப்பைச் சரிபார்த்தார். சாராயம் என்பதால் அரசாங்க அனுமதியோடுதான் வாங்க முடியும். பூட்டு, சாவி, ரெஜிஸ்டர் எல்லாம் உண்டு. இருபத்தோரு லிட்டர் குறைகிறதாம். துறை முழுக்க ஒரே குசுகுசு.

எனக்கு எழுத வேண்டியது மலையாகக் கிடக்கிறது. இவர்கள் குசுகுசுப்பைக் கேட்க எனக்கு நேரமில்லை.

நவம்பர் 14, வெள்ளி

சகாயமேரி அக்காவை, விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டுக்காரர் குடிப்பார். மூன்று வருடத்துக்கு முன்பு துறை வாசலில் வந்து கூச்சல் போட்டுவிட்டுப் போனார். அது போதாதா? அவருக்குத்தான் அக்கா எடுத்துக்கொண்டு போகிறார் என்று எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

வராந்தாவில் வைத்து அக்கா போட்ட சத்தம் மாடி வரை கேட்டது.

"அந்த ஆளுக்கு நான் வாங்கிக் குடுப்பேனா? சோறு போடுறதே பெரிய விசயம்! கேசரிக்கு ஊத்துனதுதேன் பூராம். கோதப் பாப்பா சொன்ன அளவு. கேட்டுப் பாருங்க!"

முத்துராக்கு அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, மூணு மடங்கு ஊத்தச் சொல்லி நீங்க எழுதி ஒட்டுனீங்களாம்ல? அப்பிடி ஏதாச்சும் உண்டா? சும்மா கேட்டு வச்சுக்கிறேன்."

"ஞாபகம் இல்லண்ணே. பழைய நோட்டப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

உண்மையிலேயே அந்த நேரத்தில் சரியாக ஞாபகம் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். நான்காம் அத்தியாயத்தின் நடுவில் இருந்தேன். திடீரென்று வந்து கேட்டால் யாருக்குத்தான் ஞாபகம் வரும்?

நவம்பர் 15, சனி

ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் பன்னிரண்டு லிட்டர் சாப்பாடு. லிட்டருக்கு இருபது மில்லி கூடுதல். தொண்ணூறு வாரம். இருபத்தோரு லிட்டர் அறுநூறு மில்லி.

இன்னொரு கணக்கும் தானாகவே வந்துவிட்டது. லிட்டருக்கு முப்பது மில்லி, அதுவும் ஆறிய பிறகு. முன்பு கொதிக்கக் கொதிக்க ஊற்றியபோது ஸ்பிரிட் பறந்துபோய்ப் பொடி மட்டும் மிஞ்சியது. ஜனவரிக்குப் பிறகு பறக்கவில்லை. இருபத்தைந்தாம் தலைமுறை வரை நாற்பத்தொன்று. அது போன வருடம் ஜனவரி. அதன் பிறகுதான் நான்கு கூட்டமும் ஏறியிருக்கிறது. அந்த இருபத்தோரு லிட்டரை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. என் விரத ஈக்கள் குடித்துவிட்டன.

புது விஷயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேகக்காரன் சாராயத்தால்தான் ஜெயித்திருக்கிறான். விரதக் கூட்டம் என்று ஒன்றே இரண்டு வருடமாகக் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க விரதக்காரர்கள் இல்லையென்றால் குடிகாரர்களை வைத்து எதையும் சொல்ல முடியாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். என்னிடம் இருப்பது நாற்பத்தைந்து நாள்.

கடவுளே! ஒரு மனுஷியின் புருவத்தைக் காப்பாற்றப் போனதற்கு இதுவா கூலி?

நவம்பர் 17, திங்கள்

அக்கா இல்லாததால் சாப்பாட்டை நானே கிண்டினேன். கட்டி கட்டியாகிவிட்டது. கை சுட்டது. பத்து மில்லி மட்டும், சூடாக இருக்கும்போதே, அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றினேன். பழைய முறைதான் நல்லது என்று தோன்றியது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இந்த விசாரணை எப்படியும் பிசுபிசுத்துப் போகும். அரசாங்க விசாரணை எதுதான் முடிந்திருக்கிறது? நான் அவசரப்பட்டு எதையும் சொல்லத் தேவையில்லை. முதலில் சமர்ப்பித்துவிட்டு, ஜனவரியில் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 19, புதன்

மத்தியானம் அக்கா போன் செய்தார்.

"பாப்பா, நோட்டப் பாத்தீங்களா?"

"பாக்குறேன்க்கா. பழைய நோட்டெல்லாம் பரண்ல கெடக்கு."

"ஒண்ணும் அவசரமில்ல. ஒங்களுக்கு ஆயிரம் வேல. மறந்துருப்பீங்கன்னு எம் மக பெனிட்டாகிட்டயும் சொன்னேன். அது புரிஞ்சுக்காம கத்துது. நர்சிங் படிக்குதுல்ல, எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்குது." சிரித்தார். "சாப்புட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். நான்காம் அத்தியாயம் முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

நவம்பர் 21, வெள்ளி

விசாரணை முடிந்துவிட்டதாம். அக்கா நேற்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். 'நான்தான் எடுத்தேன். மன்னித்துக்கொள்ளவும்.' எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறோம், மறுத்தால் போலீசுக்குப் போகும் என்று அலுவலகத்தில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறார். நிரந்தரம் ஆக்குவதற்காகப் போயிருந்த பட்டியலிலிருந்து மட்டும் பெயரை எடுத்துவிட்டார்களாம். பதினான்கு வருடத்துக்குப் பிறகு இந்த வருடம்தான் அந்தப் பட்டியலில் அவர் பெயரே ஏறியது.

பேராசிரியர் சந்தோஷமாக இருக்கிறார். "நல்லவேள, வெளிய போகாம முடிஞ்சுது. நீ பைண்டிங்குக்குக் குடுத்துரு" என்றார்.

அவ்வளவுதானே? வேலை போகவில்லை. போலீஸ் இல்லை. எல்லாருக்கும் நல்லபடியாகவே முடிந்திருக்கிறது. பிறகு எனக்கு ஏன் எதைத் தின்றாலும் எதுக்களிக்கிறது என்று தெரியவில்லை. கேன்டீன் எண்ணெய் சரியில்லை.

நவம்பர் 24, திங்கள்

புது உத்தரவு. இனி சகாயமேரி ஸ்பிரிட் அளக்கும்போது ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். யார் அந்த மாணவர்? சமையலறைக்குப் பக்கத்தில் மேசை இருக்கிறவர். துறையில் இருபத்திரண்டு மேசை இருக்க, என் மேசைதான் இவர்கள் கண்ணில் படும்.

அக்கா இளைத்திருக்கிறார். கேசரியைக் கிண்டி இறக்கி, ஆறவிட்டு, அளவுக் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு பாப்பா? பத்தா, முப்பதா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். ரெஜிஸ்டர் என் கையில் திறந்திருந்தது.

"பத்துக்கா."

அளந்து ஊற்றினார். கொஞ்ச நேரம் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்ப நாந்தேன் இம்புட்டு நாளா தப்பா ஊத்திருக்கேன் போல. நீங்க எழுதி ஒட்டுன மாதிரியே கண்ணுக்குள்ள நிக்கிது. எனக்குத்தேன் கிறுக்குப் புடிச்சிருச்சு."

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து கழுவுகிற தொட்டியில் வாந்தி எடுத்தேன். கேன்டீன் எண்ணெய் அல்ல. எனக்கே தெரியும்.

நவம்பர் 25, செவ்வாய்

பைண்டிங் கடைக்குப் போகவில்லை.

நவம்பர் 27, வியாழன்

இன்று அக்கா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பெனிட்டா எழுதிக் கொடுத்ததாம். 'ஸ்பிரிட் - லிட்டருக்கு 10 மில்லி' என்று கொட்டை எழுத்தில்.

"மறந்துரக் கூடாதுல்ல பாப்பா. வயசாகுது. எங்கம்மாவுக்கும் கடைசில இப்பிடித்தேன், இல்லாததெல்லாம் இருந்த மாதிரி சொல்லும்."

என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "முப்பதுதான்க்கா. நான்தான் எழுதி ஒட்டினேன். அடுப்ப அணைச்சு ஆறவச்சு ஊத்தச் சொன்னதும் நான்தான். ரெஜிஸ்டர்ல பழைய அளவ எழுதச் சொன்னதும் நான்தான்" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். யாரிடமும் கத்தக் கூடாது என்று நோட்டு வாங்கியவள், போயும் போயும் அவரிடம் கத்தினேன்.

அக்கா கரண்டியைப் பாத்திரத்தின் மேல் வைத்தார். கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது.

"வாங்க. சார்கிட்ட போவோம்."

வராந்தா முழுக்க அப்படியே இழுத்துக்கொண்டு போனார். கிளாஸ் விட்டு வந்த பையன்களும் பெண்களும் ஒதுங்கி வழி விட்டார்கள். பேராசிரியர் அறையில் முத்துராக்கு அண்ணனும் இருந்தார்.

"சார், நான் எடுத்தேன்னு எழுதிக் குடுத்தது பொய் சார். பயந்துகிட்டு எழுதிட்டேன். பாப்பாவுக்கு இப்பத்தேன் ஞாபகம் வந்துருக்கு. சொல்லுங்க பாப்பா."

சொன்னேன். பொடி, ஸ்பிரிட், மூன்று மடங்கு, ஆறிய சூடு, தொண்ணூறு வாரம். பேராசிரியர் முதலில் ஸ்பிரிட் விவகாரமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் அவர் முகம் மாறியது. ஒரு தாளை இழுத்துத் தானும் கணக்குப் போட்டார்.

"அப்ப விரதக் கூட்டம்?"

"இல்ல சார். போன வருஷம் ஜனவரிலேருந்து இல்ல."

"கட்டுரை?"

"திரும்ப வாங்கணும் சார்."

பேனாவை மூடி வைத்தார். ஓய்வு பெறுவதற்கு முன் அவர் கடைசியாக அனுப்பிய கட்டுரை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தேதி நீட்டிக்க மாட்டாங்கம்மா. தெரியும்ல?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன்.

முத்துராக்கு அண்ணன்தான் பொரிந்து தள்ளினார். "ரெஜிஸ்டர்ல பொய்க் கணக்கு எழுதச் சொல்லிட்டு, நான் வந்து கேட்டப்ப ஞாபகமில்லன்னீங்களே! அன்னைக்கே சொல்லிருந்தா இவங்ககிட்ட அந்தப் பேப்பர எழுதி வாங்கிருப்போமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"அத வையாதீங்கண்ணே. அது ராத்திரி பகலா எழுதிக்கிட்டு கெடக்கு. மறந்துருச்சு. மனுசின்னா மறக்காதா? இப்ப ஞாபகம் வந்தொடன ஓடி வந்து சொல்லிருச்சுல்ல?"

ஆமாம், இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

அக்காவின் மன்னிப்புக் கடிதத்தை ரத்து செய்து, பெயரை மறுபடி பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பேராசிரியர் எழுதிவிட்டார். பல்கலைக்கழகம் எப்போது அசையும் என்பது பல்கலைக்கழகத்துக்கே தெரியாது. ரெஜிஸ்டருக்காக எனக்கு மெமோ.

அம்மாவிடம் சொன்னேன். "போனாப் போகுது. அந்த ஈய விட்டுத் தொலை" என்றாள். அவள் குரலில் நிம்மதிதான் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன். பிறகு எட்டுக் கூட்டத்துக்கும் புட்டி மாற்றினேன். எதற்காக மாற்றினேன் என்று தெரியவில்லை. மாற்றாவிட்டால் செத்துவிடும்.

நவம்பர் 30, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வரச் சொன்னார். "நீங்களே எம் மககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க பாப்பா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிது. 'எடுத்தியாம்மா, இல்லையாம்மா, ஒண்ணச் சொல்லு'ன்னே கேக்குது. ரெண்டு விதமாவும் சொல்லிட்டேன்ல" என்றார்.

டவுன் பஸ்ஸில் போனேன். ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. சுவரில் மாதா படம். கட்டிலில் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். பெனிட்டா நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள். பத்தொன்பது வயது. அக்கா அடுப்பைப் பற்றவைத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியரிடம் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னேன். உங்கம்மா ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவள் வேகக்காரன், நிதானக்காரன் வரைக்கும் கேட்டுக்கொண்டாள்.

"புரியுதுக்கா" என்றாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும். ஸ்டோர் சார் வந்து கேட்டப்ப ஒங்களுக்கு நெசமாவே மறந்துபோச்சா?"

அக்கா டீயை வடிகட்டிக்கொண்டிருந்தார். "அதுதேன் சொன்னேன்ல. மறந்துருச்சுன்னு" என்றார், திரும்பாமலே.

"நான் அவங்கள கேக்குறேம்மா."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று நாளாக எல்லாரும் அதைத்தான் நம்புகிறார்கள். அக்கா மற்ற எல்லாரையும்விட அதிகமாக நம்புகிறார்.

"இல்ல" என்றேன். "ஞாபகம் இருந்துச்சு."

பெனிட்டா தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா வடிகட்டியைக் கீழே வைத்தார். டம்ளரில் டீயை முழுசாக ஊற்றினார். கொண்டுவந்து என் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சூடா இருக்கு" என்றார். "குடிச்சிட்டுக் கெளம்புங்க மேடம்."